ஜப்பானிய டாட்டூவைத் தேர்ந்தெடுப்பது எப்படி: மீன், பூ, பருவம், பின்னணி

சென்னையில் டாட்டூ போடுவது என் தொழில். அதற்கு முன்னால் சுவர் விளம்பரம், கட்-அவுட் எல்லாம் வரைந்துகொண்டிருந்தேன். ஜப்பானிய பாணியில் பச்சை வேண்டும் என்று வருகிறவர்கள் போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டி, “அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். டிராகன் என்றால் பலம், கோய் மீன் என்றால் விடாமுயற்சி, செர்ரிப் பூ என்றால் நிலையாமை என்று இணையத்தில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவை பொய்யில்லை. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் நம்பி முதுகு முழுக்க ஒரு படத்தை முடிவு செய்ய முடியாது. எந்த உருவம் எதோடு சேர்கிறது, எந்தப் பருவத்தில் நிற்கிறது, உடம்பில் எங்கே உட்கார்கிறது என்பதில்தான் ஜப்பானியர்கள் அர்த்தத்தை வைத்தார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. வேலும் மயிலும் சேவலும் இருந்தால் பெயர் எழுதாமலே முருகன் என்று சொல்லிவிடுவோம். மயில் இருக்க வேண்டிய இடத்தில் எலி நின்றால் குழந்தைகூடக் கேள்வி கேட்கும். ஜப்பானியப் படமும் அப்படித்தான் படிக்கப்படுகிறது. தோலில் ஏற்றிய பிறகு மாற்ற முடியாத விஷயம் என்பதால், படிக்கக் கற்றுக்கொண்டு அப்புறம் குத்திக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வந்த படங்கள் இவை

சீனாவில் 108 கலகக்காரர்களைப் பற்றிய ஒரு பழைய நாவல் உண்டு. ஜப்பானில் அதை சுய்கோதென் என்பார்கள். உதாகாவா குனியோஷி என்ற மரஅச்சு ஓவியர் 1827 வாக்கில் அந்த வீரர்களை ஒருவர் பின் ஒருவராக வரைந்து வெளியிட ஆரம்பித்தார். மூலக் கதையில் பச்சை குத்தியவர்கள் ஒரு சிலர்தான். குனியோஷி இன்னும் பலருடைய தோளிலும் முதுகிலும் பச்சையை ஏற்றிவிட்டார். ஷிஷின் என்ற வீரன் உடம்பில் ஒன்பது டிராகன்கள் நெளிந்தன. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அந்தப் படங்கள் சக்கைப்போடு போட்டன. தீயணைப்பவர்கள், பல்லக்குத் தூக்கிகள், தச்சர்கள், கடிதம் சுமந்து ஓடுகிறவர்கள் என உடல் உழைப்பில் பிழைத்தவர்கள் அதே உருவங்களைத் தங்கள் தோலில் கேட்டார்கள். இன்றைக்கு “ஜப்பானிய ஸ்டைல்” என்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது: தடித்த அவுட்லைன், பின்னால் சுழலும் நீர், பெரிய உருவம், நடுவே உறைந்து நிற்கும் ஒரு சண்டைக் கணம்.

தீயணைப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடோ மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய நகரம், அடிக்கடி எரியும். தீயணைப்பவர்கள் பல அடுக்குப் பருத்தித் துணியில் தைத்த கோட்டைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். கோட்டின் வெளிப்பக்கம் சாதாரணமாக இருக்கும். உள்பக்கத்தில் டிராகனோ வீரனோ சாயத்தில் வரைந்திருக்கும். தீயை அணைத்த பிறகு கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீதியில் நடப்பார்கள். அவர்கள் உடம்பிலும் டிராகன்தான் அதிகம், ஏனென்றால் ஜப்பானிய டிராகன் தண்ணீருக்கும் மழைக்கும் சொந்தமானது. நெருப்புக்குள் போகிறவன் மழையைத் தோலில் சுமந்துகொண்டு போனான். டிராகன் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஐரோப்பியக் கதைகளில் தீ கக்கும் டிராகன் வேறு. அதை மனதில் வைத்துக்கொண்டு ஜப்பானிய டிராகனின் வாயில் நெருப்பு கேட்பவர்களை நான் கொஞ்சம் பேசித் திருப்புவேன்.

இந்தக் கலைக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1720 முதல் குற்றவாளிகளின் கையிலும் நெற்றியிலும் அடையாளப் பச்சை குத்துவது அரசாங்கத் தண்டனையாக இருந்தது. 1870-இல்தான் அது ஒழிந்தது. 1872-இல் மெய்ஜி அரசு அலங்காரப் பச்சையையும் தடை செய்தது. அந்தத் தடை 1948 வரை நீடித்தது. அதே காலத்தில் வெளிநாட்டார் ஜப்பானுக்கு வந்து குத்திக்கொண்டு போனார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1881-இல் கையில் டிராகனோடு ஊர் திரும்பினார். யாகுசா என்ற குற்றக் குழுக்களோடு பச்சை சேர்த்துப் பேசப்படுவது இந்தத் தடைக்காலத்தின் மிச்சம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜப்பானுக்குப் போனால் அங்கே சங்கடம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் முக்கிய உருவம்

ஒரு படத்துக்கு ஒரு தலைவர். கையில் ஒன்று, முதுகில் ஒன்று. டிராகன், புலி, கெய்ஷா, சாமுராய், ஹன்னியா முகமூடி எல்லாவற்றையும் ஒரே கைக்குள் கேட்கிறவர்கள் உண்டு. அத்தனையும் போட்டால் எதுவும் நிற்காது. உங்களைப் பிடித்து இழுக்கும் கதை எது என்று பாருங்கள். உருவம் தானாக வரும்.

கோய் என்ற கெண்டை மீனை எடுத்துக்கொள்வோம், அதிகம் கேட்கப்படுவது அதுதான். சீனாவின் மஞ்சள் ஆற்றில் டிராகன் வாசல் என்று ஓர் இடம். அங்கே விழும் அருவியை எதிர்த்து ஏறி மேலே போய்ச் சேரும் கெண்டை மீன் டிராகனாக மாறும் என்பது கதை. ஆகவே கோய் என்பது இன்னும் டிராகன் ஆகாத ஒன்று. பழைய கணக்கில் கெண்டைக்கு 36 செதில், டிராகனுக்கு 81. மீனின் உடம்பில் டிராகனின் தலையோ மீசையோ முளைக்கிற மாதிரி வரைவதும் உண்டு. அது மாறிக்கொண்டிருக்கும் கணம். இதில் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் மீன்தலையா டிராகன்தலையா என்று வெகுநேரம் யோசித்து, “இன்னும் பாஸ் ஆகலண்ணா, மீனாவே இருக்கட்டும்” என்றான். எனக்கு மிகவும் பிடித்த பதில் அது.

மேல்நோக்கி நீந்தினால் இது, கீழ்நோக்கி என்றால் அது என்று நிறைய விளக்கங்கள் சுற்றுகின்றன. கதையின் உயிர் ஏறுவதில் இருக்கிறது, அதை விடாதீர்கள் என்பது என் கருத்து. கறுப்பு மீன் அப்பா, சிவப்பு அம்மா, நீலம் பிள்ளை என்ற கணக்கையும் கேட்டிருப்பீர்கள். மே 5, குழந்தைகள் தினத்தன்று ஜப்பானிய வீடுகளில் கம்பத்தில் பறக்கவிடும் துணிமீன்களுக்கு உரிய வழக்கம் அது. குடும்பத்தை நினைத்து அந்த நிறங்களைக் கேட்டால் சந்தோஷமாகப் போடுவேன். ஆனால் அதைப் பச்சைக் கலையின் விதி என்று நினைத்து நிறத்துக்குப் பயப்பட வேண்டாம்.

மீனோடு ஒரு பையன் கட்டிப் புரளும் படத்தைக் கொண்டுவந்தால், பையன் யார் என்று பாருங்கள். உடம்பு சிவந்து, கொழுகொழுவென்று இருந்தால் பெரும்பாலும் கிந்தாரோ. மலையில் வளர்ந்த பலசாலிக் குழந்தை, பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்கு அடையாளம். கொஞ்சம் வளர்ந்தவனாக, கையில் குத்துவாளோடு ராட்சத மீன்மேல் பாய்கிறான் என்றால் ஓனிவகாமாரு. பின்னாளில் பென்கெய் என்ற புகழ்பெற்ற துறவி வீரன் ஆகப்போகிறவன். ஒன்றில் விளையாட்டு, இன்னொன்றில் வேட்டை. மகனுக்காக டாட்டூ போட வந்த ஒரு அப்பாவிடம் இரண்டாவது படம் இருந்தது; வித்தியாசத்தைச் சொன்னதும் கிந்தாரோவுக்கு மாறிவிட்டார்.

டிராகனில் பார்க்க வேண்டியது விரல்கள். ஜப்பானிய டிராகனுக்கு வழக்கமாக மூன்று நகம். சீன அரச டிராகனுக்கு ஐந்து. போனில் வருகிற படங்களில் இரண்டும் கலந்திருக்கும். மானின் கொம்பு, பாம்பின் கழுத்து, கெண்டையின் செதில், கழுகின் நகம் என்று பல உயிர்களிடம் கடன் வாங்கிய உடம்பு அது. நான் வரையும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து வரைவேன்; அப்போதுதான் டிராகன் பல்லி மாதிரி ஆகாமல் இருக்கும்.

அப்புறம் துணை

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முக்கிய உருவத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தை ஏதாவது அழகான பூவால் நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பூதான் படத்தின் பாதிக் கதை.

கராஜிஷி என்ற சுருள் பிடரிச் சிங்கத்தோடு எப்போதும் பியோனிப் பூ வரும். சிங்கம் மிருகங்களின் அரசன், பியோனி பூக்களின் அரசன், அதனால் ஜோடி என்பது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. யாருக்கும் பயப்படாத சிங்கத்துக்கு ஒரே பயம், தன் உடம்புக்குள்ளேயே வளர்ந்து தன்னைத் தின்னும் புழு. அந்தப் புழு பியோனியின் பனித்துளி பட்டால் செத்துவிடும். அதனால் சிங்கம் இரவில் பியோனிச் செடிக்கடியில்தான் தூங்கும். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வந்த ஒருவர் தோளில் வெறும் சிங்கம் கேட்டார். இந்தக் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பூவைப் பெருசா போடு தம்பி” என்றார். அந்தத் தோளில் சிங்கத்தைவிடப் பூ பெரியது.

புலிக்கு மூங்கில். யானை நுழைய முடியாத மூங்கில் காட்டுக்குள்தான் புலிக்கும் பாதுகாப்பு என்பார்கள். வலிமையானவனுக்கும் ஒரு ஒதுங்குமிடம் வேண்டும். ஜப்பானில் புலி கிடையாது என்பதால் பழைய ஓவியர்கள் தோலையும் வீட்டுப் பூனையையும் பார்த்து வரைந்தார்கள். அதனால்தான் அந்தப் புலிகளின் முகத்தில் ஒரு பூனைச் சாயல். அதைத் திருத்திப் போட்டோ மாதிரிப் புலி வரையச் சொல்லாதீர்கள். ஹோ-ஓ என்ற பீனிக்ஸ் பறவைக்குப் பாலோனியா மரம். மானுக்கு மேப்பிள் இலை, காட்டுப்பன்றிக்கு ஹகி என்ற சின்னப் பூச்செடி, கொக்குக்குப் பைன் மரம்.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஹனஃபுதா என்ற ஜப்பானியச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்குங்கள், அல்லது அதன் படத்தைப் பாருங்கள். நிண்டெண்டோ நிறுவனமே 1889-இல் கியோட்டோவில் இந்தச் சீட்டு செய்யத்தான் தொடங்கியது. 48 சீட்டு, 12 மாதத்துக்கு மாதம் ஒரு செடி, அதற்கு நான்கு சீட்டு. எந்தப் பூ எந்த மாதம், அதோடு எந்த விலங்கோ பறவையோ வரும் என்பது கையிலேயே இருக்கும். எந்நேரமும் என் மேஜையில் ஒரு கட்டு இருக்கும். தயங்குகிறவர்கள் முன்னால் பரப்பி வைத்துவிடுவேன்.

துணை மாறினால் கதை எப்படி மாறும் என்பதற்கு ஹன்னியாவைச் சொல்லியே ஆக வேண்டும். கொம்பும் கோரைப்பல்லும் வைத்த அந்த முகம் ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய நாடகத்தின் முகமூடி. பார்ப்பவர்கள் பேய் என்று நினைப்பார்கள். அது ஒரு பெண். காதலிலும் பொறாமையிலும் வெந்து அப்படி ஆனவள். பளிச்சென்ற வெளிர் நிறமாக இருந்தால் கெஞ்சி என்ற பழைய கதையில் வரும் ரொகுஜோ சீமாட்டி போன்ற உயர்குலப் பெண், சிவந்திருந்தால் அதற்குக் கீழ்ப்பட்டவள் என்பது முகமூடி செய்பவர்களின் வழக்கம்.

ஒரு நர்ஸ் தொடையில் ஹன்னியா வேண்டும் என்று வந்தார். அவர் கொண்டுவந்த படத்தில் முகத்தைச் சுற்றி ரோஜாவும் கடிகாரமும் இருந்தன. கடையில் சுவரில் ஒரு ஹன்னியா முகமூடி மாட்டியிருக்கிறேன். அதைக் கழற்றி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். கோபம். தலையை மெதுவாகக் கீழே சாய்த்தேன். புருவ மேடு கண்மேல் நிழலாக விழுந்தது, வாயின் கோரம் மறைந்தது. “இவ அழுறா அண்ணா” என்றார் அவர். ஆமாம், அதற்காகவே அப்படிச் செதுக்குகிறார்கள். அதன் பிறகு அவருக்குக் கியோஹிமேயின் கதையைச் சொன்னேன். அன்சின் என்ற இளம் துறவி அவளிடம் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு ஏமாற்றி ஓடுகிறான். வகயாமாவில் உள்ள தோஜோஜி கோயிலில், இறக்கி வைத்த பெரிய மணிக்குள் ஒளிந்துகொள்கிறான். துரத்தி வந்தவள் பாம்பாகி, மணியைச் சுற்றிக்கொண்டு, தன் தீயிலேயே அதைப் பழுக்கக் காய்ச்சிவிடுகிறாள். மேடையில் இந்தக் கதை செர்ரி பூக்கும் காலத்தில் நடக்கும். ஆகவே ஹன்னியாவோடு செர்ரிப் பூ, மணி, பாம்புச் செதில் வந்தால் தெரிந்தவர்கள் தோஜோஜி என்று படிப்பார்கள். அதே முகத்தைச் சிவந்த மேப்பிள் இலைகளுக்கு நடுவில் வைத்தால் தோககுஷி மலைக் கதை நினைவுக்கு வரும்: இலையுதிர் காலத்தில் அழகிய சீமாட்டி வேடத்தில் மது ஊற்றிக் கொடுத்து ஆளை மயக்கும் அரக்கி, கடைசியில் கோரெமோச்சி என்ற வீரனின் வாளுக்குப் பலியாகிறாள். முதலாவதில் அவள் ஏமாற்றப்பட்டவள். இரண்டாவதில் ஏமாற்றுகிறவள். பூவா இலையா என்பது மட்டுமே வித்தியாசம். நர்ஸ் செர்ரியையும் மணியையும் எடுத்துக்கொண்டார். முகத்தைச் சற்றுக் குனிந்தாற்போல் போட்டோம்.

பருவம் தப்பக் கூடாது

ஒரு படத்துக்குள் ஒரு பருவம். இதை ஜப்பானியக் கலைஞர்கள் மிகவும் கவனிப்பார்கள். செர்ரி வசந்தம், பியோனி கோடைத் தொடக்கம், தாமரை கோடை, சாமந்தியும் மேப்பிளும் இலையுதிர் காலம், பிளம் குளிர் விலகுவதற்கு முன்பே பூப்பது. கோய் மீன் எந்தப் பருவத்திலும் நீந்தும், ஆகவே நீரில் மிதக்கும் இதழோ இலையோதான் மாதத்தைச் சொல்ல வேண்டும். செர்ரி இதழ் மிதந்தால் புறப்படும் மீன், மேப்பிள் இலை மிதந்தால் நெடுநாள் போராடிய மீன் என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். இது என் வாசிப்பு, விதி இல்லை. பாம்பைப் பனிக்கட்டியோடு சேர்க்காதீர்கள். குளிரில் பாம்பு வளைக்குள் தூங்கும். டிராகனுக்கும் தெய்வ உருவங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. உடம்பு முழுக்கப் போடுகிறவர்கள் நான்கு பருவத்தையும் நான்கு கை கால்களில் திட்டமிட்டு வைப்பதும் உண்டு.

பூவைச் சரியாக அடையாளம் காண ஒரு சின்னப் பாடம். செர்ரிக்கும் பிளம்முக்கும் இரண்டுக்குமே ஐந்து இதழ். செர்ரி இதழின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும், V எழுத்தைப் போல. பிளம் இதழ் நுனி வட்டமாக, வழவழப்பாக இருக்கும். இந்த ஒரு வெட்டை வரைய மறந்தால் ஏப்ரல் மாதம் பிப்ரவரி ஆகிவிடும். சாமந்திக்கு ஒல்லியான நீள இதழ்கள் நடுவிலிருந்து விரியும். பியோனிக்கு அகல இதழ், ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருங்கியிருக்கும். சாமந்தி ஜப்பானிய அரச குடும்பத்தின் சின்னம், 16 இதழ். நீண்ட ஆயுளின் பூவும் அதுதான். செர்ரியோ சில நாளில் உதிர்வதால் போர்வீரனின் பூ. தும்பிக்கையோடு ஒரு விலங்கு தெரிந்தால் யானை என்று முடிவு கட்டாதீர்கள். கெட்ட கனவைத் தின்னும் பகு என்ற விலங்காக இருக்கலாம். காலைப் பாருங்கள், புலியின் பாதம் இருக்கும்.

பின்னணியும் ஓரமும்

ஜப்பானியப் பச்சையை மற்ற பச்சையிலிருந்து பிரித்துக் காட்டுவது பின்னணி. காற்றுக் கோடுகள், மேகம், பாறை, அலை. டிராகனுக்கு மேகம், புலிக்குக் காற்று, மீனுக்கு அலையும் பாறையும். பின்னணி இல்லாமல் தனி உருவம் போடும் முறையும் உண்டு. அதற்கு நுகிபோரி என்று பெயர். பணம் குறைவாக இருந்தால் முதலில் உருவத்தைப் போட்டுவிட்டு அப்புறம் பின்னணி சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் முதல் நாளே முழுப்படத்தையும் உடம்பின் அளவுக்குத் தாளில் வரைந்து பார்த்துவிட வேண்டும். துண்டு துண்டாக யோசித்துச் சேர்த்தால் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும்.

படம் முடியும் ஓரத்தை மிகிரி என்கிறார்கள். நேராக வெட்டினாற்போல் முடிக்கலாம், பியோனி இதழ் மாதிரி வளைவு வளைவாக முடிக்கலாம், பைன் ஊசி மாதிரி கூராக முடிக்கலாம், விடியல் வெளுப்பது போல் மெல்ல மங்கவிடவும் செய்யலாம். கையில் முழங்கைக்கு மேல் நிற்பது, முன்கையின் நடுவில் நிற்பது, மணிக்கட்டு வரை போவது என்று சட்டைக் கை அளவிலேயே பேசுவார்கள். மார்பில் நடுவே ஒரு பட்டையை வெற்றுத் தோலாக விடும் அமைப்பு முனேவாரி. சட்டையின் முன்பக்கம் திறந்திருந்தாலும் பச்சை தெரியாது. மறைத்து வைப்பது இந்தக் கலையின் பாதி அழகு என்பது ஜப்பானியர்களின் ரசனை. ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முன்கையின் நடுவில் நிறுத்தச் சொல்வேன்.

அளவைக் குறைக்காதீர்கள். மை வருஷக் கணக்கில் தோலுக்குள் கொஞ்சம் பரவும். மணிக்கட்டுக்குள் ஒரு முழு டிராகனை அடக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இடம் குறைவு என்றால் பூ மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது தருமாவைப் போடுங்கள். கையும் காலும் இல்லாத சிவப்புப் பொம்மையாக ஜப்பானில் எல்லாக் கடையிலும் விற்கும் தருமா, நம்ம ஊர் மரபு காஞ்சிபுரத்துக்காரர் என்று சொல்லும் போதிதர்மர்தான். ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர். பொம்மை வாங்கும்போது இரண்டு கண்ணும் வெறுமையாக இருக்கும். ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண், நிறைவேறியதும் மறு கண். ஒற்றைக் கண்ணோடு பச்சை குத்திவிட்டுப் போய், வேலை கிடைத்ததும் மறுகண்ணைப் போட்டுக்கொள்ள வந்தவர் ஒருவர் என்னிடம் உண்டு.

உடம்பில் எங்கே

தெய்வ உருவங்களை இடுப்புக்குக் கீழே போடக்கூடாது என்று அங்கேயும் மரியாதை பார்ப்பார்கள். இதை நம் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஃபுதோ மியோ-ஓ என்ற பௌத்தக் காவல் தெய்வம் முதுகுக்கு உரியவர். வலக்கையில் வாள், இடக்கையில் கயிறு, பின்னால் நெருப்பு. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே பார்க்கும். அறியாமையை வெட்டுவதற்கு வாள், வழி தவறியவரைக் கட்டி இழுத்து வருவதற்குக் கயிறு. பௌத்தத்தின் வழியாக இந்தியாவிலிருந்து போனவர் அவர், வடமொழியில் அசலர். கோபமான முகத்தைப் பார்த்து அசுரன் என்று நினைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இதைச் சொல்லாமல் ஊசியை எடுக்க மாட்டேன். நம் சரஸ்வதியும் அங்கே போய் பென்ஸைதென் ஆகி, வீணைக்குப் பதில் பிவா என்ற வாத்தியத்தோடு இருக்கிறாள். வெள்ளைப் பாம்பு அவளுடைய தூதன். சரஸ்வதி படம் கேட்டு வந்து, ஜப்பானிய பாணியும் பிடித்துப்போய்க் குழம்பிய ஒரு வயலின் கலைஞருக்கு இதைக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

விலங்கின் தலை உங்கள் உடம்பின் முன்பக்கத்தைப் பார்க்கட்டும். டிராகனின் உடல் கையைச் சுற்றி ஏறி, தலை தோளிலோ மார்பிலோ வந்து நின்றால் கை அசையும்போது அதுவும் அசையும். முழங்கையில் முகம் வேண்டாம்; மடக்கினால் கோணலாகும். அங்கே சுழலையோ பூவையோ வையுங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு, தூக்கி, மடக்கிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அழித்து மறுபடி ஒட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். நல்ல கலைஞர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்புறம் ஒரு விஷயம், கண்டிப்பாகச் சொல்கிறேன்: இன்னொருவர் முதுகில் இருப்பதை அப்படியே நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். யோகோஹாமாவின் டாட்டூ கலைஞர் மூன்றாம் ஹோரியோஷி போன்றவர்கள் ஒரு ஆளைப் பார்த்து, அவருக்காக வரைந்து, வாரம் ஒருமுறை வரவழைத்து வருஷக் கணக்கில் முடித்த வேலை அது. நுனியில் ஊசிக்கட்டு வைத்த நீளக் கைப்பிடியால், தெபோரி முறையில், கையாலேயே குத்திக் குத்தி மை ஏற்றுவார்கள். இன்று பலர் அவுட்லைனுக்கு மெஷினும் ஷேடிங்குக்குக் கையும் வைத்துக்கொள்கிறார்கள். குனியோஷியின் மரஅச்சுப் படங்களை எடுத்து வாருங்கள். அவை இரண்டு நூற்றாண்டாக எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம். அவற்றிலிருந்து உங்களுக்கென்று ஒன்றை உங்கள் கலைஞர் வரையட்டும்.

ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு

2020-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் பச்சை குத்துவது மருத்துவத் தொழில் இல்லை, டாக்டர் உரிமம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு முன் உரிமம் இல்லை என்று கலைஞர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். சட்டம் தளர்ந்தாலும் வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்கள், நீச்சல் குளங்கள், ஜிம்கள் பலவற்றில் பச்சை தெரிந்தால் இன்னும் உள்ளே விடுவதில்லை. சின்னப் பச்சைக்குத் தோல் நிற ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போகலாம் என்று சில இடங்கள் அனுமதிக்கும். முழுக்கைப் பச்சையை அப்படி மறைக்க முடியாது. ஹியோகோ மாகாணத்தின் கினோசாக்கி ஊரில் உள்ள ஏழு பொதுக் குளியலிடங்களும் பச்சை குத்தியவர்களை விடுகின்றன. மற்ற ஊர்களில் அறையோடு சேர்ந்த தனிக் குளியல் உள்ள விடுதியைப் பாருங்கள், புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ரயிலில், கோயிலில், யார் வீட்டுக்காவது சாப்பிடப் போகும்போது முழுக்கைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.